வால்வின் வாய் எந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த வண்டியை வடிவமைத்த மகானுபாவன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் கையால் டயருக்குக் காற்று அடித்திருக்க மாட்டான். அடித்திருந்தால் வால்வைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்திருப்பானா? ஒரு பக்கம் டிஸ்க், சுற்றிலும் அலாய் சக்கரத்தின் தடித்த கால்கள், நடுவில் குண்டாக ஹப். இத்தனைக்கும் இடையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வால்வு. பம்ப்பின் தலையை நேராக மாட்ட இடமில்லை. சாய்த்து மாட்டினால் பிடிப்பதில்லை. காலையில் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து போராடினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. புதிதாக ஒன்றும் உள்ளே போகவில்லை, உள்ளே இருந்ததும் போய்விட்டது. ஆரம்பிக்கும்போது லேசாகக் குறைந்திருந்த முன்சக்கரம், நான் முடிக்கும்போது சப்பென்று தரையில் உட்கார்ந்திருந்தது.

நான் யார்? பஸ் பணிமனையில் டயர் பகுதியிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற சிவசைலம். கம்பியால் டயரைத் தட்டி, எழும் சத்தத்தைக் கேட்டே காற்று போதுமா போதாதா என்று சொன்னவன். அப்படிப்பட்டவன் இன்று பைக்கைத் தள்ளிக்கொண்டு மைதீன் பங்சர் கடைக்குப் போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

"என்ன அண்ணாச்சி, பங்சரா?" என்றான் மைதீன். ஆமாம் என்றேன். அவன் சோப்புத் தண்ணீரைத் தடவி டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஒரு ஓட்டையும் இல்லியே அண்ணாச்சி."

"அப்படியா, நல்லதாப் போச்சு. காத்த மட்டும் அடி."

இன்னொருவன் அடித்த காற்றில் வண்டி ஓட்டுவது எனக்கு இன்னொருவன் பல்துலக்கியை வாயில் வைப்பது மாதிரி.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், ஆனி வருகிறது. கல்யாணமான வருஷத்திலிருந்து ஆனி மூன்றாவது ஞாயிறு நானும் என் மனைவி உலகம்மையும் பைக்கில் பழைய குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவோம். ஒரு வருஷமும் தப்பியதில்லை. மகள் செல்வி வயிற்றில் இருந்த வருஷம்கூட மெல்ல ஓட்டிப் போய் வந்தோம். மாமனார் வீட்டில் அதற்குப் பெரிய ரகளை நடந்தது. கொரோனாவுக்காக அருவியை மூடி வைத்திருந்தபோதும் தடுப்பு வரைக்கும் போய்ச் சாரலில் நனைந்துவிட்டுத் திரும்பினோம். இந்த வருஷம் அந்த ஞாயிறு ஜூன் 29-இல் வருகிறது. உலகு பின்னால் உட்காரும் நாளில் டயருக்குக் காற்று நானே என் கையால் அடித்திருப்பேன். அது என் கொள்கை. அதற்குள் இந்த வால்வுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

இன்றும் முடியவில்லை. உலகுவிடம் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பழைய வண்டியை நினைத்துக்கொண்டே பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அது டூ ஸ்ட்ரோக் வண்டி. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் வாங்கினேன். கம்பிச் சக்கரம், நடுவில் சிறிய டிரம். கையை மட்டுமல்ல, தலையையே உள்ளே விடலாம், அவ்வளவு தாராளம். பித்தளை வால்வு கம்பிகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும். பம்ப்பின் பிடியை அழுத்தி விட்டால் கப்பென்று கவ்வும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் பனியனோடு தெருவில் வண்டியை நிறுத்திக் காற்று அடிப்பேன். உலகு ஈரத்தலையோடு வாசல்படியில் நின்று, "போதும், வெடிச்சிரப் போவுது" என்பாள். ஒவ்வொரு வாரமும் அதையே சொல்வாள். வெடித்ததே இல்லை. புகை கக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை எழுப்பிவிட்டு நாங்கள் கிளம்புவோம். சினிமாவுக்கு, மார்க்கெட்டுக்கு, அவள் தங்கை வீட்டுக்கு. எங்கே போனால் என்ன, போவதுதான் முக்கியமாக இருந்தது. எனக்கு அந்த நாட்கள் திரும்ப வேண்டும். அதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்?

போன வருஷம் செல்வி, "அந்தத் தகரத்தக் கடாசுங்கப்பா" என்று சொல்லி ஓசூரிலிருந்து பணம் அனுப்பி இந்தப் புது வண்டியை வாங்க வைத்தாள். பிள்ளை ஆசையாகக் கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? வண்டி நல்ல வண்டிதான். வால்வு ஒன்றுதான் கோளாறு.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் உலகு காப்பி டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு, ஆறட்டும்" என்றாள். நான் அதற்குள் எடுத்துவிட்டேன். எனக்கு அப்படி ஒன்றும் சூடாகத் தெரியவில்லை. அவள் ஓடிவந்து என் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள். "கொதிக்குது! ஒங்களுக்கு ஒறைக்கலியா?" என்று கத்தினாள். பணிமனையில் டயரைச் சுட்டு ஒட்டும் வல்கனைஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே கிடந்த கை இது, சூடு தாங்கும் என்று சொன்னேன். அவள் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் சட்டைப் பொத்தான்களை மிகவும் சிறியதாகத் தைக்கிறார்கள். துணியை மிச்சம் பிடித்தார்கள், இப்போது பொத்தானையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மத்தியானம் செல்வி போனில் பேசினாள். "இந்த வருஷம் பஸ்ல போங்கப்பா. அம்மாவுக்கும் சௌரியம்." என்ன சௌரியம்? அருவிக்குப் பஸ்ஸில் போவதென்றால் அதற்கு இந்தியா முழுக்க ஆள் இருக்கிறது. நான் எதற்கு?

ஜூன் 10, செவ்வாய்

வால்வில் திருகிக்கொள்ளும் நீட்டிப்புக் குழாய் ஒன்று வாங்கி வந்தேன். ரப்பர் குழாய், ஒரு முனையில் மரை. வால்வில் திருகிவிட்டால் மறுமுனையை வெளியே இழுத்துக் காற்று அடிக்கலாமாம். மரை மட்டமான மரை. பிடிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று முறை கீழே விழுந்து சக்கரத்துக்கு அடியில் ஓடியது. நான்காவது முறை நான் அதைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ரயில்வே கேட்டில் வண்டி அணைந்துவிட்டது. கிளட்சை விடும்போது ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கத்தில் லேசாகப் போய் முட்டியது. ஆட்டோக்காரன் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தான். "பெருசு, தூங்கிட்டியளோ?" என்றான். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டும்.

பேனா சரியில்லை. இன்று இவ்வளவு போதும்.

ஜூன் 14, சனி

மைதீனிடம் போய் உண்மையைச் சொன்னேன். அதாவது வால்வைப் பற்றிய உண்மையை.

"இதுக்கா அண்ணாச்சி இவ்வளவு கொந்தளிக்கிய? வளஞ்ச வால்வு இருக்குல்லா. இங்கிலீசு எல்லு மாதிரி. அடிப்பாகம் ரிம்முல நிக்கும், வாய் வெளிப்பக்கமா திரும்பியிருக்கும். நின்ன வாக்குல காத்து அடிக்கலாம். பெரிய பைக்கு வச்சிருக்க பயலுவ எல்லாம் அதான் போடுதானுவ" என்றான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ்ஸில் இரட்டை டயர் போட்ட பின்சக்கரத்துக்கு வளைந்த வால்வை நானே ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். பைக்குக்கு அது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மைதீன் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றான். வரும்வரை தூக்கம் வராது.

உலகு சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து காலையில் அவளுடைய ஸ்கூட்டரில் பறந்துவிடுகிறாள். அவள் அதைக் கற்றுக்கொண்டபோது, தையல் மெஷினுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. மூட்டை அரிசியை முன்னால் நிற்க வைத்து அதில்தான் கொண்டுபோகிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

வால்வு வந்துவிட்டது. வெள்ளி நிறம், கைக்கு அடக்கம், கழுத்தில் ஒரு கறுப்பு வளையம். பார்க்கவே லட்சணமாக இருக்கிறது.

இனி நடந்ததை எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. மைதீன் முன்சக்கரத்தைக் கழற்றி, டயரை ஒரு பக்கம் நெம்பி, பழைய வால்வை எடுத்துவிட்டு நிமிர்ந்தான். "வாய் எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று கேட்டான். இதெல்லாம் ஒரு கேள்வியா? "டிரைவர் பக்கம்" என்றேன். எங்கள் பணிமனையில் காற்றுக் குழாய் வண்டியின் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். அதனால் எதை மாட்டினாலும் வாய் டிரைவர் பக்கம் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. மைதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நான் டயர் பாத்தவனா நீ டயர் பாத்தவனா?" என்று அதட்டினேன். அவன் அப்படியே மாட்டிவிட்டான்.

சக்கரத்தை வண்டியில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, இந்த வண்டியில் டிஸ்க் இருப்பது வலப்பக்கம். வளைந்த வால்வின் வாய் நேராக டிஸ்க்கைப் பார்த்து நிற்கிறது. முன்பாவது ஒரு விரல் போகும், இப்போது எறும்புதான் போக வேண்டும்.

"நான் சொல்ல வந்தேன் அண்ணாச்சி."

"வந்தவன் சொல்லியிருக்க வேண்டியதுதான?"

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் 18, புதன்

இப்போது வாய் இடப்பக்கம். பின்சக்கரத்துக்கும் மாட்டியாயிற்று. அடடா, என்ன அழகு! குனிய வேண்டாம், முட்டி போட வேண்டாம், டிஸ்க்கில் புறங்கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். வால்வு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு, வா என்று கூப்பிடுகிறது. டயர் ரிம்மில் உட்கார வேண்டிய அளவுக்கு மட்டும் மைதீனை அடிக்கவிட்டேன். மீதிக் காற்றையும் கடையிலேயே அடிக்கிறேன் என்றான். நான் விடவில்லை. நாளைக் காலை என் வாசலில், என் பம்ப்பில், என் கையால்.

சாயங்காலம் உலகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளுக்கு இயந்திர விஷயங்களில் ருசி குறைவு.

ஜூன் 19, வியாழன்

விடிந்ததும் பம்ப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வால்வு கைக்கு எட்டுகிறது. எட்டுகிறது என்ன, கைக்குள்ளேயே இருக்கிறது. மேலே ஒரு சின்ன மூடி. அதைத் திருகி எடுக்க வேண்டும்.

என்னால் எடுக்க முடியவில்லை.

கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மூடியின் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பது விரலுக்குத் தெரியவில்லை. திருகுகிறேன், விரல்கள் மூடியின் மேல் வழுக்கிக்கொண்டே சுற்றுகின்றன. துணியைப் போட்டுத் திருகினேன். பல்லால் கடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். உலகு கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, வலது கையின் இரண்டு விரலால் மூடியை ஒரு திருகு திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் கோலம் போடப் போய்விட்டாள்.

மூடி என் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் இருப்பது தெரியவில்லை.

பழைய வால்வில் ஒரு குறையும் இல்லை. பொத்தான், மரை, கிளட்ச் கேபிள், பேனா, எதிலும் குறை இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

உலகு சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். வழக்கமாக அவள் எதிரே உட்கார்ந்தால் ஏதோ தீர்மானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"நாளக்கழிச்சு டாக்டர்ட்ட போவோம். நான் பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? தைப் பொங்கலுக்கே ஒங்களுக்குச் செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம ஒத்தச் செருப்போட கோயில் வரைக்கும் நடந்திய. அப்ப இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா செருப்புக் கம்பெனிக்காரனத் திட்டுவிய."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இந்த வருஷம் வேண்டுமானால் பஸ்ஸிலேயே போகலாம் என்றேன். அந்த வார்த்தையை வாயிலிருந்து வெளியே எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"பஸ்ஸுன்னா நான் வரல. நாம ரெண்டு பேரு போறதுக்கு நடுவுல கண்டக்டர் எதுக்கு?"

ஆக, பைக்கும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இந்த வருஷம் தப்பிப்போகத்தான் போகிறது. அவள் எழுந்து போன பிறகும் நான் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கண்ணை மூடச் சொல்லி, விரல்களை ஏதோ ஒன்றால் தொட்டுத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் தைரியமாகப் பதில் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது உலகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது எதுவும் சரியில்லை போலிருக்கிறது.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறதாம். மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. இதற்கு மேல் போகாமல் நிறுத்தப் பார்க்கலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "பிரேக் பிடிக்கிறது உங்க கைக்கே தெரியாம ஓட்டுவீங்களா சார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. பிரேக் உணராத டிரைவரை நாங்கள் பணிமனையிலிருந்தே வெளியே விட மாட்டோம். வீட்டுக்கு வந்து பைக்கின் மேல் உறையைப் போட்டு மூடினேன். அழுதேன். உலகு பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் உலகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைப் பார்த்தேன். உறங்கப் போகிறவன் மாதிரி அமுங்கியிருந்தது. காற்று எப்போது பிடித்தாய் என்று கேட்டேன். "மைதீன் கடையில ஆளு கம்மியா இருந்தா பிடிப்பேன். அந்தச் சின்னச் சக்கரத்துக்குள்ள குழாய் நொழைய மாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் கெஞ்சணும்" என்றாள். பிறகு போய்விட்டாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். இத்தனை வருஷம் ஊர் முழுக்க டயர் பார்த்தவன், ஒருநாளும் அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில்லை. சக்கரம் இருப்பதோ சாண் அகலம், அதில் ஹப் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கிறது. என் பைக்கின் வால்வு கைக்கு எட்டவில்லை என்று மூன்று வாரம் ஊரைக் கூட்டினேன். அவளுடையது எப்போதுமே எட்டவில்லை.

சாயங்காலம் பைக்கையும் ஸ்கூட்டரையும் மைதீன் கடைக்குக் கொண்டுபோனோம். பைக்கை மைதீன் வந்து தள்ளினான். வளைந்த வால்வு இரண்டையும் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டு என்றேன். அவன் என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். ரிம் துளை அளவைப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றான். பின்சக்கரத்தில் ஒரு பக்கம் எஞ்சின் அடைத்துக்கொண்டு நிற்பதால் கேள்விக்கே இடமில்லை. முன்சக்கரத்துக்குத்தான் கேட்டான்.

"வாய் எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"ஓட்டுறவட்ட கேளு."

உலகு வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தாள். பிறகு இறங்கி நின்று, ஸ்டாண்டு போட்டு, தான் எந்தப் பக்கம் நிற்பாள் என்று நின்று பார்த்து, "இந்தப் பக்கம் வைங்க" என்று இடது பக்கத்தைக் காட்டினாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஞாயித்துக்கெழம அந்தத் தையல் மெஷின்ல எடம் இருக்குமா?"

"அரிசி மூட்டையவிட நீங்க வெயிட்டு கம்மிதான்" என்றாள்.

ஜூன் 28, சனி

காற்று அடித்தோம். மூடியை அவள் திருகி எடுத்தாள், பம்ப்பின் வாயை அவள் பிடித்துக்கொண்டாள், நான் காலால் மிதித்தேன். கால் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கேஜில் காற்றின் அளவை அவளே பார்த்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

போய் வந்துவிட்டோம். கை நிதானமாக நகர்ந்தாலும் இன்றைக்கு முழுவதையும் எழுதியே தீருவேன்.

கிளம்பும்போதே கூத்து. பின்னால் உட்காருகிறவன் கையை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோளில் வைத்தேன். "தோள அழுத்தாதீய, வண்டி திரும்புது" என்றாள். இடுப்பில் வைத்தேன். எதிர்வீட்டு அம்மா கோலத்தை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். கடைசியில் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கிறேனா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தும் கொண்டேன்.

ஆழ்வார்குறிச்சி வரை நான் நல்ல பயணி இல்லை. பிரேக் பிடி, ஹாரன் அடி, லாரிக்கு வழி விடு என்று பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. முன்னால பாக்க ஒரு ஆளு போதும். நீங்க எடது பக்கம் பாத்துக்கிட்டு வாங்க."

"எடது பக்கம் என்ன இருக்கு?"

"பாருங்க, சொல்லுதேன்."

வண்டி நகர்ந்தது. அவளுடைய ஹெல்மெட் என் முன்பக்கத்தை முழுக்க மறைத்தது. வேறு வழியில்லாமல் முகத்தை இடப்பக்கம் திருப்பினேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது, சாரல் முகத்தில் பட்டது. கொஞ்ச தூரம் போனதும் அவள் குரல் காற்றில் பின்னால் வந்தது.

"இப்ப ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரு வரும். அதுல யானை வரஞ்சிருக்கும். தும்பிக்கை கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிக்கிட்டே வந்துச்சு. இருக்கா?"

சுவர் வந்தது. "யானையே இல்ல. பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கான்."

"அட பாவி!" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. இத்தனை வருஷமும் சேலை கட்டி, ஒருக்களித்து, இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்து அவள் இந்தச் சாலையில் வந்திருக்கிறாள். எனக்கு முன்னால் போகும் பஸ்ஸின் முதுகுதான் குற்றாலச் சாலை. அவளுக்கு வேறொரு சாலை இருந்திருக்கிறது. இன்று அவள் ரோட்டைப் பார்க்க வேண்டியிருப்பதால், தன்னுடைய சாலையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறாள்.

"ஒரு ஓட்டு வீட்டு முன்னால நாற்காலி போட்டு ஒருத்தர் பேப்பர் படிப்பாரு. செல்வி கைப்பிள்ளையா இருக்கச்சில இருந்து படிக்காரு."

"நாற்காலி இருக்கு. ஆளு இல்ல."

வண்டியின் வேகம் சற்றுக் குறைந்தது. "காப்பி குடிக்க உள்ள போயிருப்பாரு" என்றேன் நான். "போயிருப்பாரு" என்றாள்.

"இதெல்லாம் ஒருநாளும் எங்கிட்ட சொன்னதில்லியே?"

"சொன்னா நீங்க திரும்பிப் பாப்பிய. ரோட்டப் பாத்து ஓட்டணும்லா."

கடையம் தாண்டியதும் அவள் குரல் மாறியது. கொஞ்சம் ரகசியம் சொல்கிற குரல்.

"இப்ப ஒரு பாழுங்கெணறு வரும். அது செவத்துல ஒரு அத்திச் செடி மொளச்சிருந்துச்சு. செல்விக்கு மொட்ட போட்ட வருஷம் ரெண்டே ரெண்டு எலை. பெறகு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வளந்திருக்கும். ஒரு செக்கண்டுதான் தெரியும், அதுக்குள்ள வண்டி போயிரும். இருக்கான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நான் பார்த்தேன். கிணற்றின் சுவர் பாதி இடிந்து கிடந்தது. அதைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய மரம் சாலைப் பக்கம் சாய்ந்து நின்றது. அடிமரத்தில் காய்கள் அப்பியிருந்தன.

"இருக்கா?"

"நிறுத்து" என்றேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. நிறுத்து, நீயே பாரு."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நாங்கள் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தோம். சாரல் வலுத்துக்கொண்டிருந்தது. அவள் கிணற்றடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். கையை நீட்டி ஒரு கிளையைத் தாழ்த்தி இலையைத் தடவினாள்.

"ஒரு தடவையாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்லா உலகு?"

"நீங்க எங்க நிறுத்துவிய? ஒரே மூச்சுல அருவியில போயி நின்னாத்தான் ஒங்களுக்குப் பெரும" என்றாள். அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

உண்மைதான். எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர்ந்ததை ஒவ்வொரு வருஷமும் பணிமனையில் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கூட வந்தவள் எதைக் கடந்து வந்தாள் என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை.

குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் சர் சர்ரென்று எங்களைக் கடந்து போயின. நேரம் ஆக ஆக அருவியில் கூட்டம் சேர்ந்துவிடும் என்ற பழைய பதைப்பு எனக்குள் தலைதூக்கியது.

"போவமா?" என்றேன்.

"இருங்க," என்றாள் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் பாத்து முடிக்கல."